ஸ்கூட்டரில் ஓர் ஆற்றுப்படை

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரை)



இத்தொடரில் பயண இலக்கியம் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருந்தார்கள். ஆற்றுப்படை நூல்களைப் பற்றிப் பேசுவது என் போன்ற தமிழாசிரியனுக்குச் சிரமமான காரியமல்ல. இந்துக் கல்லூரியில் உயர்தர வகுப்பு மாணவருக்கு இருபது வருடங்களாக அதைத்தானே செய்து வருகிறேன். ஆனால், இவ்வுரைக்குக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த ஓர் இரவில் லண்டனிலிருந்து வந்த தொலைபேசி அழைப்பொன்று, எடுத்த குறிப்புகளிற் பாதியைக் கிழித்துப்போட வைத்துவிட்டது. ஆகவே அந்த அழைப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

அழைத்தவன் என் பழைய மாணவன். 2008-இல் உயர்தரப் பரீட்சை எழுதியவன்.

“சேர், நாங்கள் ஒன்பது பேர் ஸ்கூட்டரிலை ஆபிரிக்காவைக் கடக்கப் போறம். நைரோபியிலை வெளிக்கிட்டு கேப்ரவுண் மட்டும். ஒராள் விலகீற்றார். வண்டி இருக்கு, இடம் இருக்கு. நீங்கள் வாங்கோ.”

நான் சிரித்தேன். எனக்கு நாற்பத்தைந்து வயது. அரியாலையிலிருந்து பாடசாலைக்கும், பாடசாலையிலிருந்து அரியாலைக்கும் ஸ்கூட்டர் ஓடுபவன். அதுவும் மனைவியின் ஸ்கூட்டர். அவளுக்குத் தேவைப்படாத நேரத்தில்தான் எனக்குக் கிடைக்கும்.

“நீங்கள்தானே சேர் வகுப்பிலை சொன்னனீங்கள், தமிழிலை முதல் பயண நூலே கூட்டமாய்ப் போற ஆக்களுக்குச் சொன்னதெண்டு” என்றான். ஆசிரியர் தொழிலில் இது ஒரு சங்கடம். நாம் சொன்னதை யாராவது ஒருவன் கேட்டு வைத்துவிடுகிறான்.

விஷயத்தைக் கேட்ட மனைவி, “உங்களுக்கென்ன விசரே? நாவற்குழியிலை காத்தடிச்சாலே ஸ்கூட்டரை நிப்பாட்டிப்போட்டு நிக்கிற ஆள்” என்றாள். மறுக்க முடியவில்லை. கடல்நீரேரிக் காற்றுக்கு நான் பயந்தவன்தான்.

அவன் அனுப்பிய பாதை விவரத்தை அன்றிரவே பார்த்தேன். கென்யா, தன்சானியா, சாம்பியா, பொட்ஸ்வானா, நமீபியா, தென்னாபிரிக்கா என ஆறு நாடுகள். ஏறத்தாழ 6,000 கிலோமீற்றர். நமது கண்டி வீதி 321 கிலோமீற்றர். அதைப் பதினெட்டுத் தடவைக்கு மேல் ஓடினால் எவ்வளவோ அவ்வளவு. ஆறு நாடுகளிலும் எங்களைப் போலவே வீதியின் இடப்பக்கத்தால்தான் ஓடுகிறார்கள். மாணவன் இதை எனக்கென்றே செய்து வைத்த சலுகைபோலக் குறிப்பிட்டிருந்தான். தன்சானியாவில் மிக்குமி தேசிய வனத்தின் ஊடாகவே பெருந்தெரு போகிறது. யானையும் ஒட்டகச்சிவிங்கியும் குறுக்கே வரும். அதைத் தாண்டினால் ருவாஹா ஆற்றுப் பள்ளத்தாக்கில் பெருக்க மரக் காடு. பெருக்க மரம் நமக்குப் புதிதல்ல. மன்னார் பள்ளிமுனையிலும் நெடுந்தீவிலும் நிற்பவை அதே இனம்தான். அராபிய வணிகர் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்தவை என்று சொல்வார்கள். அந்த மரம் எப்போதோ இங்கு வந்துவிட்டது. நாங்கள்தான் அங்கு போகவில்லை என்று நினைத்தேன். அப்படி நினைத்தது எவ்வளவு பிழை என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

ஸ்கூட்டரைப் பற்றி இரண்டு வார்த்தை. நாம் அதைச் சந்தைக்குப் போகும் வண்டியாகவே எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால் 1946-இல் இத்தாலியில் வெஸ்பாவை வடிவமைத்த கொராடினோ தஸ்கானியோ ஒரு விமானப் பொறியியலாளர். மோட்டார் சைக்கிள் என்றாலே அவருக்குப் பிடிக்காது. அழுக்குப் படாமல் ஏறியிருக்க ஒரு வண்டி வேண்டும் என்று எண்ணினார். விமானத்தின் இறங்கு சக்கரத்தைப்போல முன்சக்கரத்தை ஒரு பக்கத்தால் மட்டும் தாங்கவைத்தார். அதனாலே சில்லைக் கழற்றி மாற்றுவது இலகுவாயிற்று. வெஸ்பா என்றால் அவர்கள் மொழியில் குளவி. இந்தக் குளவியில் ஏறி ஜோர்ஜியோ பெத்தினெல்லி என்ற இத்தாலியர் 1992-இல் உரோமாபுரியிலிருந்து சைகோன் வரை போனார். பின்னர் 1995, 1996-இல் மெல்பேணிலிருந்து கேப்ரவுண் வரை போனார். சின்னச் சில்லு பள்ளத்தில் விழுந்தால் எழும்பாது, மணலில் இழுபடும், தாங்கியில் ஐந்தாறு லீற்றர்தான் கொள்ளும் என்பதெல்லாம் உண்மை. பொட்ஸ்வானாவில் கசுங்குலாவிலிருந்து நாட்டா வரையுள்ள 300 கிலோமீற்றரளவு தூரத்தில் அந்த ஐந்தாறு லீற்றர் பெரிய கேள்விதான்.

பெத்தினெல்லி தனியே போனவர். கூட்டமாய்ப் போவது வேறு கதை. 1923 ஒக்டோபரில் பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் உலகைச் சுற்றவெனச் சைக்கிளில் புறப்பட்டார்கள். 1928 மார்ச்சில் திரும்பி வந்தவர்கள் மூவர்: ஆதி ஹக்கீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பும்காரா. 71,000 கிலோமீற்றர் ஓடியிருந்தார்கள். மூவரும் சேர்ந்து நூலொன்றும் எழுதினார்கள். பிரிந்து போன மற்ற மூவரையே நான் அதிகம் யோசிக்கிறேன். ஆறு பேரில் ஒருவர் பிரியும் காலையில் மற்ற ஐவரும் என்ன பேசியிருப்பார்கள்? 1924-இல் பம்பாயிலிருந்து தனியே புறப்பட்ட பிராம்ரோஸ் டாவரின் கதை இதற்கு நேர்மாறு. அவர் வியன்னாவில் ஓர் ஆஸ்திரியரைச் சந்தித்தார். பின்னர் இருவராகவே சகாராவைக் கடந்தார்கள். கூட்டமாய்ப் போனவர்கள் குறைந்தார்கள். தனியே போனவருக்குத் துணை வந்தது.

இதையெல்லாம் நான் வீட்டில் சத்தமாக வாசித்துக் காட்டினேன், மனைவியின் மனம் இளகும் என்று. தெரசா வோலக், புளோரன்ஸ் பிளெங்கிரன் என்ற இரு பெண்கள் 1934-இல் லண்டனிலிருந்து மோட்டார் சைக்கிளில் புறப்பட்டு, சகாராவைத் தாண்டி, 1935-இல் கேப்ரவுணை அடைந்த கதையையும் வாசித்தேன். “ரெண்டு பொம்பிளையள் போயிருக்கினம். அப்ப நீங்கள் ஏன் என்னை வாறியோ எண்டு கேக்கேல்லை?” என்றாள். அதற்குப் பிறகு சில நாள் நான் எதையும் சத்தமாக வாசிக்கவில்லை.

இனி நமது இலக்கியத்துக்கு வருவோம். பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகள். அவற்றுள் நீண்டது 583 அடிகளைக் கொண்ட மலைபடுகடாம். இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடியது. நன்னனிடம் பரிசில் பெற்றுத் திரும்புகிற கூத்தன், வறுமையோடு எதிரே வருகிற வேறொரு கூத்தர் கூட்டத்தைக் கண்டு வழி சொல்கிறான். பரிசில் பெருமையை நாம் பரீட்சைக்காக அழுத்திப் படிப்பிக்கிறோம். வழி சொல்லும் பகுதியை விரைந்து கடந்துவிடுகிறோம். என் கருத்தில் நூலின் உயிர் அங்கேதான் இருக்கிறது. பன்றிக்கு வைத்த பொறிகள் எங்கே இருக்கும், தினைக்காவலர் கவண்கல் எந்தப் பக்கமாய் வரும், பாம்பு எங்கே கிடக்கும், பாசி வழுக்கும் இடத்தில் எதைப் பிடிக்க வேண்டும், எந்த ஊரார் சோறு தருவார்கள், எந்த வீட்டு வாசலில் தயங்காமல் நுழையலாம் என்று அவன் ஒவ்வொன்றாய்ச் சொல்கிறான். முழவும் யாழும் சுமந்து, பெண்களையும் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்குச் சொல்வது அது. தனியாளுக்குச் சொல்வதென்றால் இவ்வளவு நிதானம் வேண்டியதில்லை.

போய் வந்தவன், போகிறவனுக்குச் சொல்வது என்பதே இதன் அமைப்பு. நவீன காலத்தில் ஏ. கே. செட்டியார் உலகம் சுற்றினார், தென்னாபிரிக்காவும் போனார், எழுதினார். அவரை நாம் மறக்கக்கூடாது. ஆனால் ஈழத்தில் நிலைமை வேறு. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் நம் ஆசிரியர்கள் பலர் நைஜீரியா, சாம்பியா, எதியோப்பியா என்று ஆபிரிக்க நாடுகளுக்குப் படிப்பிக்கப் போனார்கள். அவர்கள் கொண்டுவந்த கருங்காலி யானைகள் இன்றும் எத்தனையோ வீட்டு விறாந்தைக் கண்ணாடி அலுமாரிகளில் நிற்கின்றன. அவர்கள் போன வழி மட்டும் எழுத்தில் ஏறவில்லை. அ. முத்துலிங்கத்தின் கதைகளை விட்டால் நம் இலக்கியத்தில் ஆபிரிக்கா எங்கே இருக்கிறது?

இப்படி ஒரு குற்றச்சாட்டை இந்த உரைக்காக எழுதி முடித்தபோதுதான், பக்கத்தில் இருந்த அம்மா கேட்டார்: “உன்ரை சித்தப்பனும் அந்தப் பக்கம்தானே இருந்தவன்? அவன்ரை பிஸ்கற் ரின் இன்னும் அலுமாரிக்கு மேலை கிடக்கு.”

சித்தப்பா கணித ஆசிரியர். 1979 முதல் 1984 வரை சாம்பியாவின் செப்புச் சுரங்கப் பகுதியில் கிற்வே என்ற நகரில் படிப்பித்தார். அதிகம் பேசாதவர். 2017-இல் காலமானார். அவருடைய ரின்னை அதுவரை நான் திறந்ததில்லை. திறக்காததற்குக் காரணம் உண்டு. அதையும் சொல்லத்தான் போகிறேன். உள்ளே ஒரு வெஸ்பாத் திறப்பும், சட்டைப் பையில் வைக்கும் சிறு குறிப்புப் புத்தகமும் இருந்தன. 1982 ஓகஸ்ட் விடுமுறையில் மூன்று யாழ்ப்பாணத்து ஆசிரியர்கள் மூன்று வெஸ்பாக்களில் கிற்வேயிலிருந்து விக்ரோறியா நீர்வீழ்ச்சி வரை, எண்ணூற்றுச் சொச்சம் கிலோமீற்றர், போயிருக்கிறார்கள். புத்தகத்தில் இருந்தது இவ்வளவுதான்:

“கபுவே தாண்டி வலப்பக்கம் மிசன் பாடசாலை. தண்ணீர் கேள். தருவார்கள்.”

“காஃபுவே பாலத்துக்கு முன் நில். பின்னால் வருபவரைப் பார்.”

“மொன்சேயில் பெற்றோல் இராது. மசபுக்காவிலேயே நிரப்பு.”

“சோமாவில் பொழுது படும். இரவில் ஓடாதே. மாடு.”

“கலோமோவுக்கு அப்பால் வீதி நல்லது. அதனால் கவனம்.”

கடைசிப் பக்கத்தில், “பாலம். அக்கரை சிம்பாப்வே. அதற்கப்பால் நிறவெறி. திரும்பு” என்று இருந்தது. அதன் பிறகு வெற்றுத்தாள்கள்.

நேயர்களே, ஒருவர் தன் பயணத்தை எழுதும்போது ‘நின்றேன், கேட்டேன், நிரப்பினேன்’ என்றுதானே எழுதுவார்? சித்தப்பா ‘நில், கேள், நிரப்பு’ என்று எழுதியிருக்கிறார். வகுப்பில் இருபது வருடம் ஆற்றுப்படை படிப்பித்தவனின் வீட்டு அலுமாரிக்கு மேலே ஓர் ஆற்றுப்படை கிடந்திருக்கிறது.

இனி நான் சொல்லத் தயங்கிய விஷயம்.

ஊர் திரும்பிய சித்தப்பா பழைய வெஸ்பா ஒன்றை வாங்கினார். 1990-இல் வடக்குக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. ஊரெல்லாம் மோட்டார் சைக்கிள்கள் இரண்டு சொட்டுப் பெற்றோலில் உயிர்பெற்று, மண்ணெண்ணெயில் புகை கக்கி ஓடின. சித்தப்பா தன் வண்டிக்கு மண்ணெண்ணெய் வார்க்கச் சம்மதிக்கவில்லை. ஐந்து வருடம் அது கொட்டிலில் சாக்குப் போர்த்தி நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் சாக்கை எடுத்துத் துடைப்பார். பிறகு மூடிவிடுவார்.

1995 ஒக்டோபர் 30. வலிகாமம் முழுதும் வெளியேறச் சொல்லி ஒலிபெருக்கி அறிவித்த அந்த இரவில், ஓடாத வெஸ்பாவில் அரிசி மூட்டையையும் பாத்திரங்களையும் அம்மாவின் தையல் மெசின் தலையையும் கட்டி, சித்தப்பா முன்னால் உருட்ட, பதினைந்து வயதுப் பையனான நான் பின்னால் தள்ளினேன். மாம்பழச் சந்தியில் கண்டி வீதிக்கு ஏறினோம். வீதியைக் காணவில்லை, தலைகளைத்தான் கண்டோம். மழை. செம்மணி வெளியைக் கடக்கவே நள்ளிரவு தாண்டிவிட்டது. செம்மணி என்றதும் இன்று உங்கள் மனத்தில் வருவது வேறென்பதை அறிவேன். 2025-இல் எங்கள் அரியாலைச் சித்துப்பாத்தி மயானத்தில் தோண்டி எடுக்கப்பட்டவை பற்றிப் பேச இந்த உரை போதாது. அந்த இரவில் எங்களுக்கு அது நாவற்குழிப் பாலத்துக்குப் போகும் வழி மட்டுமே.

பாலத்துக்குச் சற்று முன்னே பின்சில்லுக் காற்றுப் போய்விட்டது. “கொஞ்சம் பொறு தம்பி, சில்லை மாத்துவம்” என்றார் சித்தப்பா. மேலதிகச் சில்லு வண்டியில்தான் இருந்தது. பத்து நிமிட வேலை. அந்த நெரிசலில், அந்த இருட்டில், பின்னால் ஷெல் சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, நான் கத்தினேன். “நீங்களும் உங்கடை ஸ்கூட்டரும்! விட்டிட்டு வாங்கோ. உங்களாலை எல்லாரும் சாகப் போறம்.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. மூட்டைகளை அவிழ்த்தார். மெசின் தலையை என் கையில் தந்தார். வண்டியை வீதியோரம் கொண்டுபோய் ஸ்ராண்டில் நிமிர்த்தி நிறுத்தினார். ஹாண்டிலைப் பூட்டினார். திறப்பைச் சட்டைப் பைக்குள் போட்டார். பாலத்தில் ஏறிய பிறகு அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

1996-இல் திரும்பி வந்தபோது அந்த இடத்தில் வண்டி இல்லை. அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இருபத்தொரு வருடம் ஒரே வளவுக்குள் இருந்தோம். பெத்தினெல்லியின் வெஸ்பா மெல்பேணிலிருந்து கேப்ரவுணுக்கு ஓடிக்கொண்டிருந்த காலமும் அதே 1995, 1996-தான் என்பதை இந்த உரைக்குக் குறிப்பெடுக்கும்போதுதான் அறிந்தேன்.

ரின்னை மூடி வைத்த அடுத்த நாள் மாணவன் குழுவின் விதிமுறைகளை அனுப்பினான். மதுபானம், தலைக்கவசம், காசு என்று வழக்கமான விஷயங்கள். மூன்றாவது விதி மட்டும் இது: பின்னால் வருபவர் உன் கண்ணாடியில் தெரியாவிட்டால் நில், தெரியும்வரை நகராதே. கூட்டமாய் வண்டி ஓடுகிறவர்கள் உலகெங்கும் வைத்திருக்கும் விதியாம். ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வரும் ஒருவரை மட்டும் பார்த்தால் போதும். ஒன்பது பேரும் கலையாமல் போய்ச் சேர்வார்கள்.

நான் அவனை அழைத்தேன். “எல்லாருக்கும் கடைசியாய் வாறது ஆர்?”

“அதுக்குத்தான் ஒருத்தரும் சம்மதிக்கினமில்லை சேர். எல்லாற்றை தூசியும் அந்தாள்தான் குடிக்கோணும். முன்னாலை ஒரு வண்டி பழுதெண்டால் சாமானோடை போய் நிக்கிறதும் அந்தாள்தான்.”

“அந்த இடத்தை எனக்குத் தா.”

அவர்களின் பாதை லுசாக்காவிலிருந்து மசபுக்கா, மொன்சே, சோமா, கலோமோ வழியாகத்தான் தெற்கே இறங்குகிறது. சித்தப்பா திரும்பிய பாலத்தால் நாங்கள் போகப் போவதில்லை. சற்று மேற்கே கசுங்குலாவில் சாம்பசி ஆற்றுக்குக் குறுக்கே 2021-இல் திறந்த பாலத்தால் பொட்ஸ்வானாவுக்குள் நுழைகிறோம். 923 மீற்றர் நீளம். சிம்பாப்வே எல்லையில் படாமல் வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். அதுவரை அங்கே மிதவைப் படகுதான். 2011-இல் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கும்வரை கேரதீவில் பாதைக்குக் காத்து நின்றவர்களுக்கு அதன் அருமையை விளக்கத் தேவையில்லை.

இப்போது விடிய ஐந்து மணிக்கு எழும்பி ஆனையிறவு வரை ஓடிவிட்டு, பாடசாலை மணிக்கு முன் திரும்புகிறேன். காற்றுக்கு நிற்பதில்லை. ஸ்கூட்டரின் பெல்ற் மாற்ற, சில்லுக் கழற்றிப் பூட்ட, பிளக் துடைக்க, நெடுங்குளம் பக்கம் ஒரு கராஜ் பையனிடம் பழகுகிறேன். அவன் என்னிடம் சாதாரண தரத்தில் தமிழ் படித்தவன். இப்போது அவன் என்னைத் திட்டுவதில் நியாயம் இருக்கிறது. சில்லு மாற்ற முதல் நாள் நாற்பது நிமிடம் எடுத்தேன். சென்ற சனிக்கிழமை பதினொரு நிமிடம்.

மனைவி இன்னும் முழுச் சம்மதம் சொல்லவில்லை. ஆனால் அவளுடைய ஸ்கூட்டரைக் கேளாமலே திறப்பை மேசையில் வைத்துவிடுகிறாள். அம்மா, “அங்கை மழை பெய்யுமோ?” என்று மட்டும் கேட்டார்.

சித்தப்பாவின் குறிப்புப் புத்தகத்தை ஒன்பது பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். நாற்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. மொன்சேயில் இப்போது பெற்றோல் இருக்கலாம், கபுவே மிசன் பாடசாலை இல்லாமலும் போயிருக்கலாம். இருந்தாலும் மசபுக்காவிலேயே நிரப்புவோம் என்று சொல்லியிருக்கிறேன். வெற்றுத்தாள்களையும் சேர்த்தே பிரதி எடுத்திருக்கிறேன். சம்பளமற்ற விடுமுறைக்கு விண்ணப்பம் கொடுத்து மூன்று கிழமையாகிறது. பதில் இன்னும் வரவில்லை.